டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிந்துபோன ஆயா

கோட்டைமணி வார இதழின் ஆசிரியர் பெருந்தகை அவர்களுக்கு,

ஃபெர்ராரா, பூக்காரர் சந்து, மூன்றாம் மாடியிலிருந்து நோர்மா ரவல்லி பணிவோடு எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீங்களும் உங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தில் இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதிவிட்டேன். இதற்குக் கீழே வருவதிலும் அந்த மரியாதை இருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளவும்.

பத்தொன்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். மரண அறிவிப்பு, இந்த வாரம் ராத்திரியில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எல்லாம் படிப்பேன். இதுவரை உங்களால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. இந்த மார்ச் ஐந்தாம் தேதி வந்தது. எட்டாம் பக்கத்தில் 'வீட்டுக்கணக்கர்' என்ற புனைபெயரில் எழுதுகிற அந்த மனுஷனை உடனே வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வேலைநீக்கச் சீட்டில் தேதி போட்டு, கையெழுத்து வைத்து அனுப்புங்கள். ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நான் ஒரு ஆயா. சாந்த்ரோ தம்பி வீட்டில் வேலை. அவர் ஊரில் நானூறு பேருக்கு வரிக்கணக்கு எழுதுகிறவர். அவர் மனைவி இலாரியா பல் மருத்துவர். அவர்கள் மகள் வியோலாவை நான்கு மாதக் குழந்தையாக என் கையில் கொடுத்தார்கள், வருகிற செப்டம்பரில் அவளுக்கு ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைக் கண்டுபிடித்தது பல் மருத்துவர் இல்லை, நான். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் நான் கேட்டதில்லை. 'எல்லாம் ஒழுங்கா இருக்குக்கா' என்பார் தம்பி, எனக்கும் அது போதும். ஏனென்றால் இதற்கு முன்னால் முப்பது வருடம் நான் பிள்ளை வளர்த்த வீடுகளில் ஒழுங்கு என்ற பேச்சே கிடையாது. மாதக் கடைசியில் ஒரு உறையைக் கையில் திணித்து, யாராவது கேட்டால் அத்தை முறை என்று சொல்லிவிடு என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு நான் அத்தை.

இப்படி நிம்மதியாக இருந்தவள் கண்ணில்தான் உங்கள் வீட்டுக்கணக்கர் எழுதியது பட்டது. 'ஆயாக்களே, உங்கள் வருட முடிவு வரிச் சான்றிதழை மூன்றே நிமிடத்தில் புரிந்துகொள்ளுங்கள்.' அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஆயாவும் அதைக் கேட்டு வாங்க வேண்டுமாம், ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டுமாம், முக்கியமாகத் தேதிகளைக் கவனிக்க வேண்டுமாம். கடைசி வரி இது, வெட்டி வைத்திருக்கிறேன்: 'புரியாததை உங்கள் முதலாளியிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதில் என்ன வெட்கம்.' என்ன வெட்கம் என்று எனக்கு இப்போது தெரிகிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. இந்த ஆள் வாழ்க்கையில் ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்திருக்க மாட்டார், ஒரு ஆயாவோடு ஐந்து நிமிடம் பேசியிருக்க மாட்டார், ஆணையிட்டுச் சொல்வேன்.

மறுநாள் காலையில் காப்பியைக் கொடுத்துக்கொண்டே தம்பியிடம் கேட்டேன். 'தம்பி, எனக்கு அந்த வருஷ முடிவுச் சான்றிதழ் வேணும்.' அவர் குடித்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது. 'பத்திரிகைல பாத்தீங்களாக்கா? புரியற மாதிரி இருந்துதா?' என்றார். 'காகிதம் வரட்டும், அப்புறம் சொல்றேன்' என்றேன். திங்கள்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு தாள், மேலே என் பெயர், கீழே அவர் கையெழுத்து, ஓரத்தில் வியோலா சாப்பிட்ட பிளம் ஜாம்.

குழந்தை மதியம் தூங்கியதும் முட்டை வேகவைக்கிற கடிகாரத்தை மூன்று நிமிடத்துக்குத் திருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நிமிடம் மூக்குக்கண்ணாடி தேடுவதில் போயிற்று. இரண்டாவது நிமிடத்தில், நான் கையில் வாங்குவது ஒரு தொகை, காகிதத்தில் இருப்பது வேறொரு தொகை என்று கண்டேன். போகட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கணக்கர் சொன்னபடி தேதியைத் தேடினேன். தேதி இருந்தது. 'வேலை உறவு: ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை.' அதற்குக் கீழேயே, 'பணி முடிவுத் தொகை' என்று ஒரு வரி, எதிரே ஒரு எண். கடிகாரம் மணியடித்தது. அன்றைக்கு மார்ச் ஒன்பது. அப்படியென்றால் டிசம்பர் முப்பத்தொன்றோடு என்னை நிறுத்திவிட்டார்கள், பணி முடிவுத் தொகையும் போட்டுவிட்டார்கள், என்னிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள், இரண்டு மாதத்துக்கு மேலாக வேலையில் இல்லாத ஒருத்தி அந்த வீட்டுக் குழந்தைக்கு ஜடை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

ஒருவேளை நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று சாயங்காலம் மதில் பூங்காவுக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் கலீனா இருப்பாள். மால்டோவாவிலிருந்து வந்து இருபது வருடமாக இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறாள், எங்கள் எல்லோருக்கும் சட்டம் சொல்வது அவள்தான். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

'உன் வீட்ல பெயின்ட் அடிக்கற பேச்சு ஏதாவது இருக்கா?' என்று கேட்டாள்.

'சமையலறைக்கு மஞ்சள் அடிக்கலாம்னு போன மாசம் பேசிக்கிட்டாங்க.'

'முடிஞ்சுது போ. எனக்கும் ஒரு வீட்ல இப்படித்தான், பெயின்ட் அடிக்கறோம் ரெண்டு வாரம் வராதேன்னாங்க. வந்து பாத்தா கதவுல வேற பூட்டு, உள்ளே வேற ஆயா.'

'சாந்த்ரோ தம்பி அப்படிப்பட்ட ஆள் இல்லடி.'

'எந்த ஆளும் பெயின்ட் அடிக்கறவரைக்கும் நல்ல ஆள்தான்' என்று சொல்லிவிட்டு அவள் தான் பார்த்துக்கொள்கிற பையன் சறுக்குமரத்திலிருந்து விழுந்ததைப் பார்க்க ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை வியோலாவை மழலைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே தொழிற்சங்கத்தின் வரி உதவி அலுவலகத்துக்குப் போனேன். என் டோக்கன் எண்பத்திரண்டு, நான் போனபோது ஓடிக்கொண்டிருந்தது பதினேழு. ஒன்றே முக்கால் மணி நேரம் என் முட்டியோடு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல பிள்ளைதான், ஆனால் தாளைத்தான் பார்த்தானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. 'போன வருஷம் வரிக்கணக்கு தாக்கல் பண்ணீங்களாம்மா?' என்றான். 'எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு தம்பி சொல்லியிருக்கார்' என்றேன். 'ஒழுங்கா இருக்கறது உங்க ஓய்வூதியச் சந்தாம்மா, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதியைக் கையில குடுப்பாங்க. வீட்டுக்காரங்க சம்பளத்துல வரி பிடிக்க மாட்டாங்க. கணக்கு நீங்கதான் காட்டணும்' என்றான். ஆனால் அது எனக்கு இரண்டாவது கவலை. 'அதை விடுப்பா, இந்தத் தேதியைப் பார்த்துச் சொல்லு, என்னை நிறுத்திட்டாங்களா?' என்றேன். 'டிசம்பர் முப்பத்தொண்ணு வரைன்னு போட்டிருக்கு. வேலை போயிட்டா உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம், அறுபத்தெட்டு நாளைக்குள்ள' என்று சொல்லி விரல்விட்டு எண்ணினான். எண்ணி முடித்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். 'நேத்தோட முடிஞ்சுதும்மா' என்றான்.

ஆசிரியரே, வேலை போனதையும் சொல்லவில்லை, போனதற்குக் கிடைக்க வேண்டியதும் போயிற்று. வேறு யாராவது இருந்தால் அன்றைக்கே போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். நான் அப்படி வளரவில்லை. வேலையில் இல்லாதவள் வேலையில் இல்லாதவள் போலத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு பண்ணினேன். புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் போய், கையில் சாவி இருந்தும், அழைப்பு மணியை அடித்தேன். தம்பி பாதி முகத்தில் சவர நுரையோடு கதவைத் திறந்தார்.

'சாவி மறந்துட்டீங்களாக்கா?'

'சாவி வேலை செய்யறவங்களுக்கு. நான் பாப்பாவைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.'

உள்ளே போய்க் கூடத்து நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலாரியா ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பல்துலக்கியுமாக ஓடுகிறாள், எட்டு மணிக்கு அவளுக்கு முதல் பல் பிடுங்க வேண்டும். பால் பொங்குகிறது, குழந்தைக்குத் தலை வாரவில்லை, எனக்குக் கை பரபரவென்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'காப்பி குடிப்பீங்களாக்கா?' என்று தம்பி பயந்துகொண்டே கேட்டார். 'தொந்தரவில்லைன்னா' என்றேன். அவர் போட்ட காப்பியை நான் எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் வியோலாதான். விருந்தாளிகளுக்கு மட்டும் திறக்கிற பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து நீட்டி, 'பயணம் சௌகரியமா இருந்துதா? மழை பிடிச்சுக்கலையே?' என்று கேட்டாள். பிறகு பள்ளிக்கு நான்தான் அழைத்துப்போனேன். விருந்தாளி குழந்தையைப் பள்ளியில் விடக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. வியாழக்கிழமையும் இதேதான், விருந்தாளி வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் ஆறு கிரீம் பன் வாங்கி, ரிப்பன் கட்டி எடுத்துக்கொண்டு போனேன், அதுவும் என் காசு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலாரியா நேரத்தோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் என் எதிரே உட்கார்ந்தார்கள். 'அக்கா, எங்க மேல என்ன கோபம்னு சொல்லிடுங்க. எனக்குக் கை நடுங்குது, பல்லு பிடுங்க முடியல' என்றாள். நான் கைப்பையைத் திறந்து சான்றிதழை மேஜை மேல் வைத்தேன். 'என்னை நிறுத்தறதுன்னா முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும் தம்பி. இப்படியா காகிதத்துல சொல்றது.'

தம்பி அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

'அக்கா, முடிஞ்சது வருஷம். நீங்க இல்ல. போன வருஷத்துக்கான சான்றிதழ்ல போன வருஷத்துத் தேதிதான் இருக்கும்.'

'வருஷம் முடிஞ்சது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ராத்திரி புது வருஷ விருந்துக்கு இந்த வீட்ல பருப்பும் தொத்திறைச்சியும் வேகவச்சது யாரு?'

'நீங்கதான்க்கா.'

'வரிக்கணக்கு காட்டலைன்னு சங்கத்துப் பையன் சொல்றான்.'

'வருஷா வருஷம் நான்தானே எழுதி, மே மாசம் உங்ககிட்ட கையெழுத்து வாங்கறேன்?'

அது வியோலாவின் பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிச் சீட்டு என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வருடமும் நான் கையெழுத்துப் போட்டேன். இருந்தாலும் விடவில்லை. 'சரி, பணி முடிவுத் தொகைன்னு போட்டிருக்கே, அது என்ன?' என்று அடித்துக் கேட்டேன்.

'அது வருஷா வருஷம் ஒதுக்கி வைக்கறதுக்கா. நீங்க எப்பவோ ஒரு நாள் வேலையை விட்டு நிக்கும்போது குடுக்கறதுக்கு.'

'எப்பவோன்னா எப்போ?'

வாய்தவறித்தான் கேட்டேன், ஆசிரியரே. உங்கள் ஆள் கேள் என்றாரே என்று கேட்கவில்லை, வாய் பழகிவிட்டது. தம்பி இலாரியாவைப் பார்த்தார். இலாரியா குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் படம் வரைந்துகொண்டிருந்த வியோலா தலையை நீட்டி, 'செப்டம்பர்லதானே அம்மா? நான் பெரிய பள்ளிக்கூடம் போறப்போ' என்றாள்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இலாரியாதான் சொன்னாள். செப்டம்பரில் முழு நேரப் பள்ளி, நாலரை மணிவரை அங்கேயே இருப்பாள், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் யாராவது இருந்தால் போதும், ஜூனில் சொல்லலாம் என்று இருந்தோம், நிறுத்துவது என்று இல்லை, இரண்டு மணி நேரம் என்றால் நீங்கள் வருவீர்களோ என்னவோ, எங்களால் முழுச் சம்பளமும் கொடுக்க முடியாது. அவள் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்றே எழுதிக்கொள்ளுங்கள். 'ரெண்டு மணி நேர ஆயாவா? நாயை நடத்திக் கூட்டிட்டுப் போறவனே அதுக்கு மேல வேலை பார்க்கறான்' என்று சொல்லி, சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது வியோலா கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் சான்றிதழ் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அது பாட்டுக்கு ஒரு கோப்பில் ஜாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் பாட்டுக்கு ஜூன் வரைக்கும் சந்தோஷமாக இருந்திருப்பேன், இன்னும் மூன்று மாதம் அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் கடைசி நாளா என்று எண்ணாமல் தலை வாரியிருப்பேன். கேள் கேள் என்று கிளப்பிவிட்டு அந்த மூன்று மாதத்தை என்னிடமிருந்து பிடுங்கியது உங்கள் எட்டாம் பக்கம். நேற்று நோட்டரி வீட்டம்மா தன் இரட்டைக் குழந்தைகளுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள், சரி என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதக் குழந்தைகள், இரண்டும் கடிக்கும். இந்த வயதில் மறுபடி முதல் பல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, இந்த வாரத்தோடு என் சந்தாவை நிறுத்திவிடுங்கள். இரண்டு, அந்த வீட்டுக்கணக்கரைக் கூப்பிட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்து, மூன்று நிமிடத்தில் புரிந்துகொள்ளச் சொல்லி, வெளியே அனுப்புங்கள். வேலை போவது என்றால் என்ன என்று அவருக்கும் ஒரு தடவை தெரியட்டும். உங்கள் துணைவியாருக்கு என் அன்பு, உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும், உங்கள் இயந்திரங்கள் மை கசியாமல் ஓடட்டும். அந்த மனுஷனுக்கு மட்டும் நான் ஆசி ஏதும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத
நோர்மா ரவல்லி
மார்ச் 15, ஞாயிறு

பி.கு. இதை உறையில் போடப்போகும் நேரத்தில் கீழே மணி அடித்தது. சாந்த்ரோ தம்பி, கூடவே வியோலா, தலையில் கோணல் ஜடை. நான் குழந்தைக்கு ஜடையைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தபோது தம்பி மேஜையில் இருந்த இந்தக் கடிதத்தைக் கேட்காமலே படித்துவிட்டார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டது. 'அக்கா, இதைப் பாத்தா அந்த ஆளை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?' என்றார். 'எடுக்கணும்' என்றேன். 'அது நான்தான்' என்றார். ஜனவரியிலிருந்து தினமும் காலையில் செப்டம்பர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாராம், நான் காப்பியைக் கையில் கொடுப்பேனாம், வாய் வராதாம். நானே கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் அந்தக் கட்டுரையை எழுதினாராம். ஒரு வாக்கியம் சொல்ல ஊர் முழுக்கப் பத்திரிகை அச்சடித்த கோழையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வைத வசவை இங்கே எழுத முடியாது, குழந்தை பக்கத்தில் இருந்தாள். வைது முடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் வரைக்கும் பழையபடி வியோலா, செப்டம்பரிலிருந்து காலையில் நோட்டரி வீடு, சாயங்காலம் வியோலா. அந்தக் குழந்தையைப் பார்க்காமல் வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, இதை நீங்கள் அச்சில் போட வேண்டாம். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். முக்கியமாக, அவரை வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் ஐயா. நீங்கள் கொடுக்கிற எழுத்துக்கூலியிலிருந்துதான் என் சாயங்காலச் சம்பளம் வரப்போகிறதாம். அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அவளை நம்பி நான் இருக்கிறேன்.